பர்மாவா, மியான்மரா?

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில், 'இந்தியாவின் அண்டை நாடுகள் எவை?' என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி 'பர்மா' என்றும் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். தாளை வாங்கியவள், "டீச்சர், எங்க வீட்டுத் தூணைப் பர்மா தேக்குன்னுதானே அப்பத்தா சொல்றாங்க, அது தப்பா?" என்றாள். உடனே பதில் சொல்ல வரவில்லை. லேவாதேவித் தொழிலுக்காக இரங்கூனுக்குக் கப்பலேறியவர்களின் ஊர் கோட்டையூர். இங்கே அந்தப் பெயர் வீட்டுச் சொல்.

தேடிப் படித்த பிறகு மறுநாள் அதையே பாடமாக்கினேன்.

இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றுதான். அந்நாட்டு மக்கள் எழுத்து வழக்கில் 'மியன்மா' என்பார்கள். பேச்சு வழக்கில் 'பமா' என்பார்கள். சிவகங்கை நம் பேச்சில் 'செவகங்க' ஆவதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பேச்சு வடிவத்திலிருந்து ஆங்கிலத்தின் 'பர்மா' வந்தது. 1989இல் அந்நாட்டு அரசு ஆங்கிலப் பெயரை 'மியான்மர்' என்று மாற்றியது. கடைசியில் உள்ள 'ர்' ஆங்கில எழுத்துக்கூட்டலால் வந்தது. அந்நாட்டார் அதை உச்சரிப்பதில்லை.

இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகளைப் பாருங்கள். ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துகீசியம் மூன்றிலும் 'பிர்மானியா', பிரெஞ்சில் 'பிர்மனி'. 'இத்தாலியா' என்பதில் உள்ள அதே இலத்தீன் நாட்டு விகுதிதான் இங்கும் சேர்ந்திருக்கிறது. நாம் 'நாடு' சேர்த்துச் 'செட்டிநாடு' என்பதுபோல. பிரெஞ்சில் 'பிர்மனி' பெண்பால், 'மியான்மர்' ஆண்பால்! பெயர் மாறினால் பாலும் மாறுகிறது என்றதும் வகுப்பே சிரித்தது. 1989க்குப் பிறகும் இம்மொழிகளில் பழைய பெயர் வழக்கொழியவில்லை, இரண்டும் புழங்குகின்றன.

நம் பாடநூலும் வரைபடமும் இன்றைய அலுவல் பெயரையே தருகின்றன. தேர்வில் அதை எழுதப் பழக்குவது நம் கடமை. ஆனால் பழைய பெயரை எழுதிய பிள்ளை நாட்டை அறியாதவள் அல்லள். சுழித்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்; பக்கத்தில் 'இன்று மியான்மர்' என்று எழுதினேன்.

நீங்களும் ஒரு செயல்பாடு செய்து பார்க்கலாம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழைய நாட்டுப் பெயர்களைப் பிள்ளைகள் கேட்டு வரட்டும். சிலோன், மலேயா, சயாம் என வரும். அவற்றை இன்றைய வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அப்பத்தா சொன்னதும் பாடநூல் சொல்வதும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை அவர்களே காண்பார்கள்.