பிராண்ட் பெயரைச் சொல்லிப் படகு வாங்கினால் சட்டம் கைகொடுக்குமா?

கேள்வி: ரொறன்ரோ படகுக் கண்காட்சியில் லண்ட் நிறுவனத்தின் 16 அடி அலுமினிய மீன்பிடிப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மாமாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சிம்கோ ஏரியில் மீன்பிடிக்கப் போவதுதான் எண்ணம். கண்காட்சி முடிவதற்குள் முற்பணம் கட்டினால் விலை குறையும் என்கிறார் டீலர். "லண்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்" என்கிறார் நண்பர். நம்பிப் பணம் கட்டலாமா?
– வாசகர் ஒருவர், ஸ்காபரோ

பதில்: நண்பர் சொன்ன பத்து நாள் கணக்கு இங்கே பொருந்தாது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து நாள் அவகாசம் இருப்பது உண்மைதான். ஆனால் அது வீடு தேடி வந்து விற்பவர்களோடு செய்துகொள்ளும் 'நேரடி ஒப்பந்தம்' போன்ற சில வகைகளுக்கே உரியது. விற்பவரின் சொந்தக் கடையில் பேசி முடித்ததும், சந்தை, ஏலம், வர்த்தகக் கண்காட்சி போன்ற இடங்களில் பேசி முடித்ததும் நேரடி ஒப்பந்தம் ஆகாது என்று அதே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே கண்காட்சி அரங்கில் போட்ட கையெழுத்து போட்டதுதான். மனம் மாறினால் முற்பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

'கண்ணை மூடிக்கொண்டு' என்ற அறிவுரையில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. லண்ட் புதிய பெயர் அல்ல. 1948இல் தொடங்கிய நிறுவனம், மினசோட்டா மாநிலத்தின் நியூயோர்க் மில்ஸ் என்ற சிற்றூரில் படகு கட்டுகிறது. இன்று அது பிரன்ஸ்விக் குழுமத்தின் கையில் இருக்கிறது. கிரெஸ்ட்லைனரும், கியூபெக்கின் பிரின்ஸ்வில் நகரில் உருவாகும் பிரின்ஸ்கிராஃப்டும் அதே குழுமத்தின் பிள்ளைகள். லண்ட் தகடுகளை ரிவெட் அடித்து இணைக்கிறது, கிரெஸ்ட்லைனர் வெல்டிங் செய்கிறது. எது மேல் என்று மீன்பிடிப்பவர்கள் விடிய விடிய வாதாடுவார்கள். நீதிமன்றம் அந்த வாதத்துக்குள் போகாது. வாங்கியவர் என்ன கேட்டார், விற்றவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதையே அது பார்க்கும்.

ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 15, இதை நேராகத் தொடுகிறது. இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இது ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய நிபந்தனை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு: குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரில் வாங்கினால், தேவைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற நிபந்தனை கிடையாது. 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த விதி இது. இலங்கையின் 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும், இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதிவிலக்கு இருக்கிறது.

இந்த விதிவிலக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கில் ஆராய்ந்தது. அந்த வழக்கு 1925ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் வெளியானது. வசதியான, சுற்றுப்பயணத்துக்கு ஏற்ற கார் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார். டீலர் புகாட்டியைப் பரிந்துரைத்தார். ஓட்டிப் பார்த்தபோது அது வசதியாகவும் இல்லை, சுற்றுலாவுக்கும் ஒத்துவரவில்லை. புகாட்டி என்று பெயர் சொல்லித்தானே வாங்கினீர்கள் என்ற டீலரின் வாதம் எடுபடவில்லை. ஒப்பந்தத்தில் பெயர் இருப்பது மட்டும் போதாது, விற்பவரின் திறமையை நம்பாமல் பெயரை மட்டுமே நம்பி வாங்கியிருந்தால்தான் விதிவிலக்கு பொருந்தும் என்றது நீதிமன்றம்.

ஸ்காபரோ வாசகர் "எனக்கு லண்ட்தான் வேண்டும்" என்று போய் நின்றால், டீலருக்கு அந்த விதிவிலக்கைத் தாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். சிம்கோ சுமார் 720 சதுர கிலோமீட்டர் பரந்த ஏரி. காற்று எழும்பினால் குட்டையான, செங்குத்தான அலைகள் சீக்கிரமே கிளம்பிவிடும். எனவே "இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், சிம்கோ ஏரி, இவ்வளவு குதிரைத்திறன் மோட்டார். இதற்கு எந்தப் படகு ஏற்றது?" என்று டீலருக்கு மின்னஞ்சலில் கேட்க வேண்டும். வரும் பதிலைப் பத்திரப்படுத்தி, அதன் சாரத்தை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுக்கும் டீலரிடம் முற்பணம் கட்ட வேண்டியதில்லை.

படகிலேயே படிக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, கனடிய இணக்க அறிவிப்பு வில்லை. இந்த அளவுப் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் என்பது அதில் இருக்கும். மற்றது, பின்பலகையின் வலது மேல்மூலையில் பொறித்த 12 எழுத்து-எண் கொண்ட தொடர் எண். அதன் கடைசி நான்கு இடங்கள் 'ஜி425' என்றிருந்தால், ஜூலை 2024இல் கட்டிய, 2025 மாடல் படகு என்று பொருள். புத்தம் புதுசு என்று சொல்லிப் பழைய இருப்பைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா என்பதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

பார்ப்பது என்றால் முழுமையாகப் பார்க்க வேண்டும். பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியாக உண்டு. ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்த நிபந்தனை உதவாது.

அடிப்பகுதிக்கு ஆயுட்கால வாரண்டி என்ற விளம்பரம் பலரைக் கவர்கிறது. பெரும்பாலும் அது முதல் உரிமையாளருக்கே முழுமையாகப் பொருந்தும். பணத்துக்கு ஆட்களை ஏற்றிச் சென்றால் செல்லாமலும் போகலாம். அந்த வாரண்டி தருவது தயாரிப்பாளர். மேலே சொன்ன சட்ட நிபந்தனைகள் டீலரைக் கட்டுபவை. "உள்ளது உள்ளபடி விற்பனை" என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டாலும் நுகர்வோர் விஷயத்தில் அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு எவின்ரூட் ஓர் உதாரணம். அந்தப் பழம்பெரும் மோட்டார்களின் உற்பத்தியை பி.ஆர்.பி. நிறுவனம் 2020 மே மாதம் நிறுத்தியது. வாரண்டியைத் தொடர்ந்து மதிப்பதாக அது அறிவித்தது. ஆனாலும் எவ்வளவு பெரிய பெயரும் ஒரே அறிவிப்பில் சந்தையை விட்டுப் போகலாம்.

ஜனவரிக் கண்காட்சியில் பதிவுசெய்த படகு பெரும்பாலும் மே மாதம்தான் கைக்கு வரும். ஆகவே ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு 30 நாள் கழிந்தும் படகு வராவிட்டால், அது வரும்வரை எந்த நாளிலும் ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம். தாமதமாக வந்த படகைப் பெற்றுக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். சரக்குக் கட்டணம், தயார்செய்யும் கட்டணம் ஆகியவை மதிப்பீடாக எழுதப்பட்டிருந்தால், மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் டீலர் கூட்டிக் கேட்க முடியாது.

செலவைக் குறைக்கத் தனியாரிடம் பழைய படகு வாங்க நினைத்தால், இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது. விற்பவர் பெயரில் கடன் பதிவு இருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடிவிட்டே பணம் கொடுக்க வேண்டும். கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பின் கை படகு விற்பனை வரை நீளாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மோட்டார் 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கு உரிமம் எடுக்க வேண்டும். ஓட்டுபவரிடம் இயக்குநர் அட்டை இருக்க வேண்டும். ட்ரெய்லருக்குத் தனி இலக்கத் தகடு வேண்டும்.

டீலர் பொய்யான தகவல் சொல்லி விற்றிருந்தால், ஒப்பந்தம் செய்த ஓராண்டுக்குள் அறிவித்தல் கொடுத்து விலகலாம். வழக்குக்குப் பொதுவான கால எல்லை, குறை தெரியவந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வரம்பு 2025 ஒக்டோபர் முதல் 50,000 டாலராக உயர்ந்திருப்பதால், இந்த அளவுப் படகு வழக்கு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். "தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்கே போக வேண்டும்" என்று ஒப்பந்தம் சொன்னாலும், வாங்கியவர் நீதிமன்றத்துக்குப் போவதை அது தடுக்காது.

ஆகவே வாசகர் இந்தப் படகை வாங்கலாம். ஆனால் பயன்படுத்தும் தேவை, ஒப்படைக்கும் தேதி, முற்பணம் திரும்பும் நிபந்தனை ஆகிய மூன்றும் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்திட வேண்டும். கண்காட்சி விலை கைநழுவும் என்று டீலர் அவசரப்படுத்தினால், ஒப்பந்தப் பிரதியை வாங்கி ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு மறுநாள் போய்க் கையெழுத்திடுங்கள்.