மண்ணிலிருந்து உலோகம் நீரில் இறங்குவதைக் காண ஒரு பாட்டில் சோதனை

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே தேங்கிய உலோகத்தையும் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். எவ்வளவு போகும் என்பது மண்ணின் வகையையும் நீரின் அமிலத்தன்மையையும் பொறுத்தது. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் துணையோடு, மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) வைத்து இதைப் பார்த்துவிடலாம்.

தேவை: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் 2, பஞ்சு, ஆற்று மணல், செம்மண், மயில்துத்தம் 1 கிராம், வினிகர், அமோனியா கரைசல், சிவப்பு லிட்மஸ் தாள், கண்ணாடிக் குவளைகள், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.

1. பாட்டில்களின் அடிப்பகுதியை வெட்டிக் கவிழ்த்து நிறுத்துங்கள். வாயில் பஞ்சை அடைத்துவையுங்கள்.

2. ஒன்றில் 300 கிராம் மணல். மற்றதில் செம்மண்ணும் மணலும் சரிபாதியாகக் கலந்து 300 கிராம். வெறும் செம்மண் என்றால் தண்ணீர் எளிதில் இறங்காது.

3. அரை கிராம் மயில்துத்தத்தை 50 மில்லி நீரில் கரைத்து ஒவ்வொன்றிலும் ஊற்றி, ஒரு நாள் விடுங்கள்.

4. மறுநாள் 100 மில்லி நீரை மெதுவாக ஊற்றி, வடிவதைக் குவளையில் பிடியுங்கள். குவளையை மாற்றி மேலும் நான்கு முறை செய்யுங்கள்.

5. காற்றோட்டமான இடத்தில், லிட்மஸ் நீலமாகும்வரை ஒவ்வொரு குவளையிலும் அமோனியா சேருங்கள். தாமிரம் இருந்தால் நீர் கருநீலமாகும். மணலின் முதல் குவளையில் நிறம் அடர்ந்திருக்கும், பிறகு வெளிறும். செம்மண் தாமிரத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கே நிறம் குறைவு.

6. இப்போது வினிகரும் நீரும் சமமாகக் கலந்த 100 மில்லியைச் செம்மண்ணில் ஊற்றி, வடிவதை அதேபோல் அமோனியா சேர்த்துச் சோதியுங்கள். பிடித்துவைத்த தாமிரத்தை அமிலம் விடுவிக்கும்.

வடிநீரையும் மண்ணையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். தாமிரம் மீன்களுக்கு நஞ்சு. ஆய்வகக் கழிவோடு சேருங்கள்.

அமிலம்தான் உலோகத்தை விடுவிக்கிறது என்றால், சுண்ணாம்பு போட்டு அதைப் போக்கினால் போதுமா? தாமிரம், ஈயத்துக்கு ஓரளவு உதவும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கு (குரோமேட் வடிவம்) உதவாது. காரத்தன்மை கூடினால் அது இன்னும் எளிதாக நகரும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து மழையில் மஞ்சள் நீர் கசிவது இதனால்தான். அத்தகைய மண்ணை நீங்களே எடுத்துச் சோதிக்க வேண்டாம்.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் அது போகாது. தொழிற்பேட்டை அருகே கிணறு வைத்திருப்பவர்கள் நீரை ஆய்வகத்தில் கொடுக்கும்போது, 'குரோமியம்' என்று தனியே எழுதிக் கேளுங்கள். வழக்கமான உப்பு, கடினத்தன்மைச் சோதனையில் அது தெரியாது.