ஊசியும் நூலும் காத்த ஊர்கள்



தலையணை உறையிலும் துப்பட்டா ஓரத்திலும் பூத்தையல் போடும் பெண்கள் நம் வீடுகளில் பலர் உண்டு. அதை வெறும் பொழுதுபோக்கு என்றே நாம் நினைத்துவிடுகிறோம். ஃபலஸ்தீனப் பெண்களின் 'தத்ரீஸ்' கலையை அறிந்தால் அந்த நினைப்பு மாறும்.

தத்ரீஸ் என்ற அரபுச் சொல்லுக்குப் பூத்தையல் என்றே பொருள். 'தவ்ப்' எனும் நீண்ட அங்கியின் மார்பிலும் கைகளிலும் சைப்ரஸ் மரம், நிலா, இறகு போன்ற கோலங்களைத் தைப்பார்கள். துணியின் இழைகளை எண்ணிப் போடும் கிராஸ் தையல் இது. எண்ணிக்கை மனத்தில் இருந்தால் போதும், வரைபடம் வேண்டாம். அதனால்தான் தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு எளிதாக வந்து சேர்ந்தது. நிறமும் கோலமும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. அங்கியைப் பார்த்தே அந்தப் பெண் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்று சொல்ல முடிந்தது.

1948இல் 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாயின. மக்கள் அகதிகள் முகாம்களுக்குப் போனார்கள். ஊர் போனாலும் அந்த ஊரின் கோலம் பெண்களின் விரல்களில் இருந்தது. முகாம்களில் அது குடும்பத்துக்கு வருமானமும் தந்தது. 1987இல் இன்திஃபாதா தொடங்கியபோது ஃபலஸ்தீனக் கொடியைப் பிடிக்கத் தடை இருந்தது. பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் தங்கள் அங்கிகளில் தைத்து அணிந்தார்கள். 2021இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதை நாமும் வீட்டில் பழகலாம். மேட்டித் துணி, எம்பிராய்டரி நூல், முனை மழுங்கிய ஊசி, கட்டம் போட்ட நோட்டு ஆகியவை போதும்.

1. கோலத்தை நோட்டில் வரையுங்கள். ஒரு கட்டம் ஒரு தையல்.
2. துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.
3. நூலின் 6 இழைகளில் 2 அல்லது 3 இழைகளை மட்டும் பிரித்துக் கோருங்கள்.
4. ஒரு வரிசை முழுவதும் ஒரே பக்கம் சாய்த்துத் தைத்து, திரும்பும்போது எதிர்ப்பக்கம் சாய்த்துத் தையுங்கள். மேலே வரும் நூல் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் வேலை சீராகத் தெரியும்.
5. முடிச்சுப் போடாமல், நூல் நுனியைப் பின்புறத் தையல்களுக்குள் செருகிவிடுங்கள்.

எந்தக் கோலத்தைத் தைப்பது? உங்கள் உம்மாவோ உம்மும்மாவோ தைத்த பழைய துணி பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் கோலத்தைக் கட்டம் கட்டமாக எண்ணி நோட்டில் ஏற்றுங்கள். தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. பிறகு கேட்க ஆள் இருக்காது.

நம் பெண்மக்களின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.