மூன்றாம் ஆண்டு ஸ்பானிஷ்

ஹூஸ்டன்,
ஞாயிறு காலை

அன்புள்ள யாழினிக்கு,

ஸ்பானிஷை இத்தோடு நிறுத்தலாமா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உன் அப்பா பக்கத்தில் நின்று "ரெண்டு வருஷம் போதும், ரெண்டு வருஷம் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உன் எதிரில் அண்ணனை மறுத்துப் பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றாயே, அதனால்தான் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவும் படிக்கட்டும்.

ஒன்பதாவதில் ஸ்பானிஷ் 1 படித்தாய், இப்போது பத்தாவதில் ஸ்பானிஷ் 2. டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்க ஒரே மொழியில் இரண்டு கிரெடிட் இருந்தால் போதும். "உன் மொழிக் கணக்கு முடிந்தது" என்று பள்ளிக் கவுன்சிலர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அது பள்ளியை விட்டு வெளியேறுவதற்கான கணக்கு. நீ கேட்டது, ஆயிரம் பேர் வாசலில் நிற்கும் கல்லூரிகளுக்குள் நுழைவதற்கான கணக்கு. இரண்டும் வேறு வேறு.

அந்தக் கல்லூரிகள் கேட்பதைச் சொல்கிறேன். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே மொழியை நான்கு ஆண்டு படித்துவிட்டு வரச் சொல்கின்றன. ஸ்டான்ஃபோர்டு மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் என்கிறது, அதுவும் ஒரே மொழியில். எம்.ஐ.டி. இரண்டு ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறது. யேல் நுழைவுக்கென்று மொழி நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. ஆனால் உள்ளே வந்தவர்களில் ஒருவரையும் மொழி படிக்காமல் பட்டம் வாங்க விடுவதில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு கட்டாயம், மூன்று ஆண்டு நல்லது என்று எழுதி வைத்திருக்கிறது.

இதில் 'கட்டாயம்', 'பரிந்துரை' என்ற இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். நுழைவுக்கென்று மேலே சொன்னவற்றில் கலிஃபோர்னியாவின் இரண்டு ஆண்டு மட்டும்தான் கட்டாயம். மற்றவை எல்லாம் பரிந்துரை. பரிந்துரைதானே என்று உன் அப்பா சொல்வார். விண்ணப்பிப்பவர்களில் மிகப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பும் ஒரு கல்லூரி ஒன்றைப் பரிந்துரைத்தால், வரிசையில் உனக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். உனக்குப் பிடித்த கல்லூரி எதுவானாலும் அதன் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடு. பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. அதில் 'சி5' என்ற பகுதியில், எந்தப் பாடம் எத்தனை ஆண்டு கட்டாயம், எத்தனை ஆண்டு பரிந்துரை என்று இரண்டு பத்திகளாக எண்கள் இருக்கும். யார் சொல்லையும் நம்ப வேண்டாம், என் சொல்லையும் சேர்த்துத்தான். அதைப் பார்.

ஏன் ஆண்டுக்கணக்கில் கேட்கிறார்கள் என்று யோசித்தாயா? இதன் பின்னால் ஒரு பென்ஷன் கதை இருக்கிறது. 1905இல் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஒரு கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பணம் கொடுக்க வேண்டுமென்றால் எது கல்லூரி, எது கல்லூரி இல்லை என்று தெரிய வேண்டுமே! உயர்நிலைப் பள்ளியில் இத்தனை அலகு படித்தவர்களைச் சேர்ப்பதுதான் கல்லூரி என்று வரையறுத்தார்கள். ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் படித்தால் அது ஓர் அலகு. பேராசிரியருக்குப் பென்ஷன் கிடைக்கட்டும் என்று கல்லூரிகள் அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டன, பள்ளிகளும் பின்னாலேயே வந்தன. உன் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் அந்த 120 மணி நேரத்தின் வாரிசு.

அந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூதரகங்களுக்கு ஆள் அனுப்பும் அமெரிக்க வெளியுறவுத் துறை, தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கப் பள்ளியே நடத்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவர் வேலை பார்க்கும் அளவுக்கு ஸ்பானிஷ் கற்க ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேரம் வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் அனுபவம். உன் இரண்டு ஆண்டு என்பது 240 மணி நேரம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிற்கிறாய். நான்கு ஆண்டு என்றால் 480. அதுவும் முழுத் தூரமில்லை, ஆனால் அங்கிருந்து ஊர் கண்ணுக்குத் தெரியும். நான்கு என்று கேட்கும் கல்லூரிகள் பிடிவாதத்துக்குக் கேட்கவில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது.

இனி உன்னை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். உன் வகுப்புப் பிள்ளைகள் பலர் நடுநிலைப் பள்ளியிலேயே ஸ்பானிஷ் 1 முடித்துவிட்டார்கள். பதினொன்றாவதில் அவர்கள் கல்லூரி நிலைப் பாடமான ஏ.பி. ஸ்பானிஷ் எடுப்பார்கள், நீ அப்போதுதான் ஸ்பானிஷ் 3இல் உட்காருவாய். ஆண்டை எண்ணுவதைவிட நிலையை எண்ணுவதுதான் சரி. கலிஃபோர்னியா அதை வெளிப்படையாகவே செய்கிறது. ஏழாவது, எட்டாவதில் படித்த மொழிப் பாடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மேல் நிலையில் தேறினால் கீழ் நிலையும் தேறியதாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்பது உண்மைதான். ஆனால் எட்டாவது முடியும் தறுவாயில் திருச்சியிலிருந்து வந்து இறங்கியவள் நீ. உனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பே ஒன்பதாவதில்தான். விண்ணப்பத்தைப் படிப்பவர்கள், உன் பள்ளியில் என்ன இருந்தது, உனக்கு எப்போது எட்டியது, நீ எதை எடுத்தாய் என்று பார்க்கிறார்கள். ஒன்பதாவதில் தொடங்கியதற்காக யாரும் உன்னைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். பதினொன்றாவதில் நிறுத்தியதை மட்டும் கவனிப்பார்கள், ஏனென்றால் அது உன் விருப்பத்தில் நடந்தது.

நிறுத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வேதியியலில் ஏ.பி. எடுக்க வேறு பீரியடே இல்லை, நீ பொறியியல்தான் படிக்கப் போகிறாய் என்றால், இரண்டாவதோடு ஸ்பானிஷை முடித்துக்கொள் என்று நானே சொல்லியிருப்பேன். கடினமான ஒன்றை விட்டுவிட்டு அதைவிடக் கடினமான ஒன்றுக்குப் போவது நியாயமான மாற்று. நீ எடுக்க நினைப்பது வெப் டிசைன். அது நல்ல பாடம்தான், ஆனால் போன கோடையில் நீயாகவே உட்கார்ந்து உன் தமிழ்ப் பள்ளிக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்தவள். தெரிந்ததை மறுபடி படிக்க ஒரு வருஷத்தைக் கொடுக்காதே. போனில் கடைசியில் மெதுவாக ஒன்று சொன்னாயே, ஸ்பானிஷ் 3 ஆசிரியை கறாரானவர், 'பி' வந்துவிடுமோ என்று. உண்மைக் காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. பயப்படுவதில் தவறில்லை. ஆனால் ஸ்பானிஷ் 3இல் ஒரு 'பி', ஸ்பானிஷ் 3 இல்லாத பட்டியலைவிட மேல் என்பது என் முடிவு.

கணினி மொழியையே மொழிக் கிரெடிட்டாகக் காட்டலாமே என்றார் அண்ணன். டெக்சாஸ் அதை அனுமதிக்கிறது என்பது சரிதான், நிரல் எழுதும் பாடம் இரண்டு கிரெடிட் இருந்தால் பள்ளியில் மொழித் தேவை தீர்ந்துவிடும். ஆனால் கல்லூரிகள் மொழி என்று சொல்வது மனிதர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதை. கலிஃபோர்னியா லத்தீனை ஏற்கும், அமெரிக்கச் சைகை மொழியை ஏற்கும், ஜாவாவை ஏற்காது.

என் மகனுக்கு, உன் கதிர் அத்தானுக்கு, நாங்கள் செய்த தவறையும் உனக்குச் சொல்ல வேண்டும். அவனும் இரண்டு ஆண்டோடு ஸ்பானிஷை விட்டான். பள்ளியில் போதும் என்றார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அவன் கேட்ட கல்லூரி கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. இன்று கட்டட வேலை நடக்கும் இடத்தில் இஞ்சினியராக நிற்கிறான். அங்கே பாதிப் பேர் பேசுவது ஸ்பானிஷ். முப்பது வயதில், வேலை முடிந்த களைப்போடு, விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்கிறான்.

என் கதையும் ஒன்று இருக்கிறது. பார்மசியில் நான் சேர்ந்த புதிதில், ஹோண்டுராஸிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா ரத்த அழுத்த மாத்திரை டப்பாவை நீட்டி, லேபிளில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, பத்து விரலையும் விரித்தார். பிறகு இன்னொரு விரல். எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. தினம் ஒருமுறை என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று அச்சிட்டிருந்தது. அதே எழுத்துகளை ஸ்பானிஷ்காரர் 'ஓன்ஸே' என்று படிப்பார். அதற்குப் பொருள் பதினொன்று. நல்ல வேளை, சாப்பிடுவதற்கு முன்னால் சந்தேகம் கேட்க வந்தார்.

அன்றைக்கு என் ஸ்பானிஷ் உன் இன்றைய அளவுதான். மாலை வகுப்பில் இரண்டு செமஸ்டர். எண் தெரிந்ததால் "ஒன்று, ஒன்றே ஒன்று" என்று சொல்லித் தடுத்துவிட்டேன். "காலையில் சாப்பிட வேண்டும் என்கிறார் டாக்டர்" என்று சொல்ல வரவில்லை. "எப்போது மயக்கமாக இருக்கிறதோ அப்போது உடனே கூப்பிடுங்கள்" என்பதும் வரவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் எதிர்பார்ப்பதையும், இனிமேல் நடக்கக்கூடியதையும் சொல்லும்போது ஸ்பானிஷில் வினைச்சொல்லின் உருவமே மாறிவிடும். அந்த உருவத்தைப் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் ஊன்றிக் கற்பிக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டில் நடந்ததையும் நடப்பதையும் சொல்லக் கற்கிறோம். ஆசை, வேண்டுகோள், பயம், ஒருவேளை எல்லாம் மூன்றாவதில்தான் வருகின்றன. ஒரு மனுஷியோடு மனுஷியாகப் பேச வேண்டியது முழுக்க அங்கேதான் இருக்கிறது, யாழினி. விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, களையும் எடுத்துவிட்டு, அறுப்புக்கு முந்தின வாரம் வயலை விட்டுப் போவாயா?

தமிழைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஏ.பி. தேர்வுகளில் தமிழ் கிடையாது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் ஆகிய மொழிகளுக்குத்தான் உண்டு. அதனால் உன் தமிழ் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நான் சொன்ன அதே வெளியுறவுத் துறைப் பள்ளியில், தமிழுக்கு ஏறத்தாழ 1,100 மணி நேரம் என்று கணக்கு. ஸ்பானிஷைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காவது இருக்கும். அவர்கள் சம்பளம் கொடுத்து ஆளை உட்காரவைத்துக் கற்பிப்பதை நீ காவிரிக் கரையில் விளையாடிக்கொண்டே கற்றுவந்தாய். தமிழுக்குத் தேர்ச்சித் தேர்வு வைத்துக் கிரெடிட் கொடுக்கும் பள்ளி மாவட்டங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று கவுன்சிலரிடம் கேள். இல்லையென்றாலும் சனிக்கிழமைதோறும் நீ தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை விண்ணப்பத்தில் எழுது. ஆனால் தமிழ் இருக்கிறதே என்று ஸ்பானிஷை விடாதே. தமிழ் உனக்கு வீட்டிலிருந்து வந்தது. தெரியாத ஒன்றை முதல் எழுத்திலிருந்து நீயாகத் தொடங்கி எவ்வளவு தூரம் போனாய் என்பதை ஸ்பானிஷ்தான் காட்டும்.

இன்னொன்று. டெக்சாஸ் டிப்ளமோவில் இருமொழித் திறனுக்கென்று ஒரு சிறப்புக் குறிப்பு உண்டு. அதைப் பெறும் வழிகளில் ஒன்று, ஒரே மொழியில் மூன்று கிரெடிட்டை நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பது. இன்னும் ஒரே ஆண்டு படித்தால் அந்த மூன்றாவது கிரெடிட் உன் கைக்கு எட்டும்.

ஆகவே படிவத்தில் ஸ்பானிஷ் 3 என்று எழுது. நான்காவது ஆண்டை இப்போது முடிவு செய்யாதே. பன்னிரண்டாவது தொடக்கத்தில்தான் விண்ணப்பம் போகும். அப்போது முடித்த மூன்று ஆண்டும், நடந்துகொண்டிருக்கும் பாடங்களும் தெரியும். அதற்கு முன்னால் அடுத்த பிப்ரவரியில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். வெள்ளிக்கிழமைக்கு முன் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்தக் கறார் ஆசிரியையைப் போய்ப் பார். கோடையில் எதைப் படித்துவிட்டு வந்தால் தடுமாறாமல் இருக்கலாம் என்று கேள். அப்படிக் கேட்டு வரும் பிள்ளையிடம் எந்த ஆசிரியையும் கறாராக இருந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் கூப்பிடுகிறேன். முதல் பத்து நிமிஷம் ஸ்பானிஷில் பேசுவோம். என் வினைச்சொற்கள் இன்னமும் தடுக்கும், நீ திருத்து.

அன்புடன்,
அத்தை