ஐரோலியா, செம்பூரா? வீடு எடுக்குமுன் போட வேண்டிய கணக்கு

ஐரோலி ஐடி பார்க்குகளில் வேலை கிடைத்து ஊரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஆபீஸ் பக்கத்திலேயே ஐரோலியில் வீடு எடுப்பதா, நம் ஆட்கள் இருக்கிற செம்பூர், மாட்டுங்கா பக்கம் போவதா? ஒரே ஊரில் இரண்டு பேட்டைகள் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். உண்மையில் இவை இரண்டு நகரங்கள். தானே கழிக்கு அந்தப் பக்கம் மும்பை மாநகராட்சி, இந்தப் பக்கம் 1992-இல் அமைந்த நவி மும்பை மாநகராட்சி. குடிக்கிற தண்ணீர் வேறு அணையிலிருந்து வருகிறது, கரண்ட் பில் வேறு கம்பெனியிலிருந்து வருகிறது, நிலத்தின் உரிமைமுறைகூட வேறு. அதனால் வாடகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்தவர்கள், முதல் அக்ரிமென்ட் முடியும் முன்பே மறுபடி புரோக்கரைத் தேடுகிறார்கள்.

முதலில் ஒரு தாளை எடுத்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு வாரத்தில் எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும் என்று எழுதுங்கள். ஆபீஸ், பள்ளிக்கூடம், டாக்டர், கோயில், பாட்டு வகுப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐடி வேலைக்காரரின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். அவருக்குக் கம்பெனி வண்டி இருக்கலாம், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை இருக்கலாம், பத்து நிமிடம் தாமதமானாலும் கேட்க ஆளில்லாமல் இருக்கலாம். சயனில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மனைவிக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. வீட்டில் யாருடைய நேரம் கொஞ்சமும் வளையாதோ, அவருக்கு வசதியான இடத்தில்தான் வீடு எடுக்க வேண்டும். சம்பளம் யாருக்கு அதிகம் என்பதை வைத்து வீட்டின் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது பயணம். ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். போனில் மேப்பைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் தூரம் பார்த்து, “அண்ணாச்சி, ஒரு மணி நேரம்கூட இல்லையே” என்பார்கள். வண்டி ஓடும் நேரம் பயணத்தில் ஒரு பங்குதான். வண்டி மாறுமிடத்தில் போகும் நேரத்தை மேப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

ஐரோலி ஸ்டேஷன் 2004-இல் தொடங்கிய டிரான்ஸ் ஹார்பர் பாதையில் இருக்கிறது. தானேக்கும் ஐரோலிக்கும் இடையே 2024 ஜனவரியில் திகா காவ் ஸ்டேஷன் திறந்தார்கள். ஆக, தானே இப்போது இரண்டாவது ஸ்டேஷன். மாட்டுங்கா, தாதர் பக்கம் போகிறவர்களுக்குத் தானேயில் மாறுவதுதான் சரியான வழி. ஃபாஸ்ட் வண்டி பிடித்துத் தாதரில் இறங்கலாம். மாட்டுங்காவிலேயே இறங்க வேண்டுமென்றால் ஸ்லோ வண்டிதான் நிற்கும். ஆனால் காலை எட்டரை மணிக்குத் தானே பாலத்தின் மேல் ஏறி, அந்தக் கூட்டத்தில் அடுத்த பிளாட்பாரத்துக்கு இறங்கி, வருகிற முதல் வண்டியில் ஏற முடிகிறதா, இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டுமா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

செம்பூர் போகிறவர்கள் எதிர்த்திசையில், வாஷி வழியாகப் போக வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐரோலியில் நிற்கிற வண்டிகள் எல்லாம் வாஷிக்குப் போவதில்லை. பன்வேல், நேருல் வண்டிகள் துர்பே தாண்டியதும் நேரே ஜூய்நகருக்குத் திரும்பிவிடும், வாஷியைத் தொடாது. புதிதாக வந்தவர்கள் அவசரத்தில் அதில் ஏறிவிடுகிறார்கள். ஏறிவிட்டால் பதற வேண்டாம், ஜூய்நகரில் இறங்கினால் செம்பூர் வழியாகச் சிஎஸ்எம்டி போகும் ஹார்பர் வண்டி கிடைக்கும். ஆனால் காலையில் முடிந்தவரை வாஷி வண்டிக்கே காத்திருங்கள். வாஷியிலிருந்தே கிளம்பும் சிஎஸ்எம்டி லோக்கல்கள் சில உண்டு. அவற்றில் உட்கார இடம் கிடைக்கும். கையில் குழந்தையோ முட்டியில் வலியோ இருப்பவருக்கு, பத்து நிமிடம் மிச்சமாவதைவிட உட்கார்ந்து போவதுதான் பெரிது.

செம்பூரில் வீடு எடுத்து ஐரோலிக்கு வேலைக்கு வருபவருக்கு ஒரு லாபம் உண்டு. காலையில் பெருங்கூட்டம் மும்பைக்குள் போகும்போது அவர் வெளியே வருகிறார். மைண்ட்ஸ்பேஸ் ஐடி பார்க்கில் வேலை என்றால் ஐரோலி ஈஸ்டா, வெஸ்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வளாகமில்லை.

சாலை வழியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். முலுண்ட் – ஐரோலி பாலம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் கார்களுக்குச் சுங்கம் கிடையாது, ஐரோலியும் அந்த ஐந்தில் ஒன்று. சுங்கம் போனதற்காக நெரிசல் போய்விடவில்லை. ஆட்டோவில் மாட்டுங்காவுக்குப் போகலாம் என்று எண்ணாதீர்கள். ஆட்டோவுக்குச் சயனோடு எல்லை, அதற்கப்பால் டாக்சிதான்.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்குமுன் வேலைநாள் ஒன்றில், அந்த நேரம் வளையாதவரே, அவர் கிளம்பவேண்டிய அதே மணிக்கு, வீட்டு வாசலிலிருந்து வேலையிடத்தின் வாசல்வரை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். மாலையில் திரும்பியும் வர வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் மெகா பிளாக்கில் (தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டிகளைக் குறைக்கும் நேரம்) மாட்டிக்கொண்டு தப்பான கணக்கோடு வருவீர்கள்.

கையில் கிடைத்த நேரத்துக்கு இப்போது விலை போடுங்கள். ஒரு வீடு மாதம் 10,000 ரூபாய் மலிவு, ஆனால் ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலைநாள் என்றால் 1,760 நிமிடம், கிட்டத்தட்ட 29 மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய 341 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அந்த விலை உங்களுக்குக் கட்டுமா என்பதை அலைகிறவரே சொல்லட்டும், வாடகை கட்டுகிறவர் சொல்லக் கூடாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது தண்ணீர் பற்றிப் புரோக்கரிடம் கேட்டால் “சோபீஸ் கண்டா” (24 மணி நேரமும்) என்றுதான் சொல்வார். வாட்ச்மேனைக் கேளுங்கள். அதைவிட நல்லது, சொசைட்டியின் மே மாத மெயின்டனன்ஸ் பில்லை வாங்கிப் பாருங்கள். டேங்கருக்கென்று தனிக் கட்டணம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். மும்பை தன் ஏழு ஏரிகளை நம்பியிருக்கிறது. நவி மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமாக மோர்பே அணை இருக்கிறது. அணை இருந்தாலும் கட்டடத்துக்குக் கட்டடம் நிலைமை மாறும். ஐரோலி காவ், திவா காவ் பக்கம் வாடகை குறைவு. அங்கே பல கட்டடங்கள் அனுமதி இல்லாமல் எழும்பியவை. தனியாள் சில மாதம் தங்கலாம், குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன். திட்டமிட்டு அமைத்த செக்டர்களுக்குள்ளேயே பாருங்கள்.

காற்றை இரவில் போய்ப் பாருங்கள். குளிர்காலம் என்றால் கட்டாயம் பாருங்கள். செம்பூருக்கு மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளும் தேவனார் குப்பைக் கிடங்கும் பக்கம். ஐரோலிக்கு தானே – பேலாப்பூர் சாலையை ஒட்டிய எம்ஐடிசி தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள் பக்கம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், பகலில் ஜன்னலைத் திறந்து காட்டும் வீட்டுக்காரரை மட்டும் நம்பி வரக் கூடாது.

தமிழ்ச் சூழல் வேண்டுமா? செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலும் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவும் உண்டு. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜ், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா ஹால், வாழையிலையும் சாம்பார் வெங்காயமும் தாழம்பூவும் ஒரே தெருவில் கிடைக்கும் மார்க்கெட். ஐரோலியிலிருந்து வாஷி தமிழ்ச் சங்கத்துக்கும் நேருலுக்கும் போய் வரலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வண்டி ஏற வேண்டும். வேலைக்குப் போகும் நாற்பது வயதுக்காரருக்கு இது பெரிதில்லை, சனிக்கிழமை ஒரு நடை போய் வந்துவிடுவார். ஊரிலிருந்து கூட்டி வந்த அம்மாவுக்கு அப்படியில்லை. இந்தியோ மராத்தியோ பேசாதவர் பகல் முழுக்க ஏழாம் மாடியில் தனியாக இருப்பார். கீழே இறங்கினால் “என்னம்மா, எந்த ஊரு?” என்று கேட்க ஒருத்தராவது வேண்டும். அப்படிப்பட்ட பெரியவர் வீட்டில் இருந்தால், ஒரு அறை குறைந்தாலும் செம்பூர் என்றுதான் சொல்வேன். குழந்தையும் சைக்கிளும் உள்ள இளம் குடும்பம் என்றால் யோசிக்காமல் ஐரோலி. அகலமான தெரு, பூங்கா, மைதானம் எல்லாம் அந்த வாடகைக்குக் கழிக்கு அந்தப் பக்கம் கிடைக்காது.

வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: ஐரோலியில் பெரும்பாலான நிலம் சிட்கோ (நவி மும்பையை அமைத்த அரசு நிறுவனம்) 60 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது, கைமாற்றும்போது சிட்கோவுக்குக் கட்டும் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். மாட்டுங்காவில் மலிவாக ஒரு பழைய வீடு கண்ணில் பட்டால் அது பாகடி வீடா (முன்தொகை கொடுத்து வாடகை உரிமையை மட்டும் வாங்கும் பழைய முறை) என்று கேளுங்கள்.

கடைசியாக அக்ரிமென்ட். லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1999 மகாராஷ்டிர வாடகைச் சட்டம் அந்தப் பொறுப்பை வீட்டுக்காரர் மேல் வைத்திருக்கிறது. “பதினொரு மாசம்தானே, நோட்டரி போதும்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆன்லைனிலேயே பதிவு முடிந்துவிடும். செம்பூரில் பழைய சொசைட்டி என்றால் ரீடெவலப்மென்டுக்குப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டாகிவிட்டதா என்று செக்ரட்டரியிடமே கேளுங்கள். தீர்மானம் ஆகியிருந்தால், கட்டடம் காலி செய்யும் நிலை வந்தால் டெபாசிட்டை எத்தனை நாளில் திருப்பித் தருவார், லாக்-இன் காலத்துக்கு என்ன ஆகும் என்று இரண்டு வரிகளைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் வீட்டுக்காரரிடம் டோக்கன் பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.