ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் வெள்ளையாக இருந்தால்

அன்புள்ள தம்பிக்கு,

இடது கதவுக் கண்ணாடி உடைந்து, வெள்ளைக் கண்ணாடி மாட்டிய பொலேரோ பிக்கப் ஒன்று உன் கடைக்கு வந்திருக்கிறது. "மத்தது மாதிரியே இதையும் ஆக்கிக் குடுங்க" என்கிறார் ஓனர். எந்த ஃபிலிம் ஒட்டலாம் என்று கேட்டிருந்தாய். ஃபிலிம் ரோலைத் தொடுவதற்கு முன் கண்ணாடியைப் பார்.

மறு கதவில் இருக்கும் கம்பெனிக் கண்ணாடியின் இளம்பச்சை மேலே பூசியது அல்ல. மணலோடு இரும்பு ஆக்சைடையும் சேர்த்து உருக்குவதால் உள்ளேயே ஊறிய நிறம் அது; வெயிலில் வெளுக்காது. நாம் ஒட்டுவது உள்பக்கத்து மெல்லிய தாள். மலிவான சாய ஃபிலிம் என்றால் சில கோடை போனதும் ஊதா தட்டிவிடும். இன்று பொருந்தியது அன்றைக்குப் பொருந்தாது. அதனால் பச்சைக் கண்ணாடியையே வாங்கி மாட்டச் சொல். மூலையில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையையும் கம்பெனிப் பெயரையும் மறு கதவோடு ஒப்பிட்டு வாங்கட்டும். ஃபிலிம் வேலை ஒன்று உனக்குக் கை நழுவும், நழுவட்டும்.

ஃபிலிம்தான் வேண்டும் என்று அவர் நின்றால், சாம்பிள் துண்டுகளைச் சோப்புத் தண்ணீர் தெளித்து உள்பக்கம் ஒட்டிப் பார். காய்ந்த துண்டைச் சும்மா வைத்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் காற்று நிறத்தை மாற்றிக் காட்டும். ஷெட்டின் டியூப்லைட்டை நம்பாதே. வண்டியை வெளியே எடு. கதவை மூடிப் பத்தடி தள்ளி நின்று ஒரு முறை, கதவைத் திறந்து பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து ஒரு முறை பார். வெளியிலிருந்து பொருந்தும் ஃபிலிம் உள்ளிருந்து பார்க்கையில் பொருந்தாமல் போகலாம். அப்போது உள்ளே உட்காரும் டிரைவர் பக்கம் நில்.

அடுத்தது கணக்கு. கண்ணாடியும் ஃபிலிமும் கூட்டல் இல்லை, பெருக்கல். 75 சதவீதம் வெளிச்சம் விடும் கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 52.5. அதே கண்ணாடியில் 50 சதவீத ஃபிலிம் என்றால் 37.5தான். மோட்டார் வாகன விதி 100 பக்கக் கண்ணாடிக்குக் குறைந்தது 50, முன்னும் பின்னும் 70 கேட்கிறது. கேபினின் பின் கண்ணாடியும் 75 என்றால், அதில் 90 சதவீத ஃபிலிம் ஒட்டினாலும் 67.5க்கு இறங்கிவிடும், அதை விட்டுவிடு.

சட்டத்தையும் வாடிக்கையாளரிடம் மறைக்காதே. 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், கடைகளில் ஒட்டும் ஃபிலிமையே கூடாது என்றது. 2021 ஏப்ரலில் விதி 100-இன் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதை வைத்து, அளவு சரியாக இருந்தால் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நம் வண்டி ஓடுவது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும். செக்கிங்கில் நிறுத்தினால் பேச்சுக்கு இடமிருக்கிறது, உத்தரவாதம் இல்லை என்று முன்பே சொல்லிவிடு.

பையன்கள் போனில் அமெரிக்க பிக்கப் வீடியோவைக் காட்டி, பின் கண்ணாடிக்குப் பொருத்தமாக முன் கதவுக் கண்ணாடியையும் கருப்பாக்கச் சொல்வார்கள். அங்கே டிரைவருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியைக் கம்பெனியே இருட்டாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கே இல்லை. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி ராத்திரியில் கிளம்பும் வண்டி, தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டிரைவர் சைடு மிரரைப் பார்ப்பது அந்தக் கதவுக் கண்ணாடி வழியாகத்தான். பக்கத்தில் ஒட்டி வரும் லாரி அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கண்ணாடி விடும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள். ஒட்டும் முன் 74, ஒட்டிய பின் 52 என்பதுபோல இரண்டு அளவையும் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடு. இன்னும் கருப்பாகக் கேட்பவரிடம் அந்த பில்லைக் காட்டு. இந்த அளவுக்குக் கீழே போனால் நான் கையெழுத்துப் போடுவதில்லை என்று சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்