முதலில் நிறுத்தத் தெரிய வேண்டும்

பல்லாவரத்தைத் தாண்டி எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். சி.என்.சி. ரூட்டருக்கு பிரேக்அவுட் போர்டு மாட்டிக் கொடுக்க வருகிற பையனிடம் சர்டிபிகேட் கேட்க மாட்டார். வேலை முடிந்து மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, "தம்பி, எமர்ஜென்சிய அழுத்து" என்பார். ஸ்பிண்டில் அடங்கி நின்றால் டீ வரும். திரையில் மட்டும் சிவப்பு மினுக்கி, ஸ்பிண்டில் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால் டீ வராது. பேனலைப் பிரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் மோட்டாரைச் சுற்ற வைப்பதில்தான் ஆசை. அது அரை நாள் வேலை. சம்பளம் கிடைப்பது நிறுத்தத் தெரிந்தவனுக்கு.

முதலில், வேலை எங்கே இருக்கிறது? ஒரகடம், மறைமலை நகர்ப் பெரிய ஆலைகளில் இருப்பவை ஃபனுக், சீமென்ஸ் கன்ட்ரோலர்கள். அங்கே பிரேக்அவுட் போர்டு என்றால் சிரிப்பார்கள். ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, திருமுடிவாக்கம் சுற்றுவட்டாரத்தில் பூஜை அறைக் கதவு, எம்.டி.எஃப். ஜாலி, கடைப் பலகைக்கு அக்ரிலிக் எழுத்து என்று வெட்டித் தருகிற சிறு பட்டறைகளின் கதை வேறு. பழைய மிஷினின் கன்ட்ரோலர் செத்துப்போனால் புதிதாக வாங்க அவர்களுக்குக் கட்டாது. கம்ப்யூட்டர் ஒன்று, இன்டர்ஃபேஸ் போர்டு ஒன்று, மூன்று நான்கு டிரைவர்கள். இவற்றை வைத்து உயிர் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் நுழைய இது நல்ல வாசல்.

போர்டு என்ன செய்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் பேசுவது 5 வோல்ட் பாஷை, மிஷின் பேசுவது 24 வோல்ட் பாஷை, நடுவில் நிற்கிற தரகன் இந்தப் போர்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னமும் அதிகம் கண்ணில் படுவது பிரின்டர் போர்ட்டில் மாட்டுகிற ரகம். பிரின்டருக்காகப் பிறந்த 25 பின் சாக்கெட் அது. 18 முதல் 25 வரை கிரவுண்ட். மீதி 17 பின்களில் 12 வெளியே போகிற சிக்னல், 5 உள்ளே வருகிற சிக்னல்.

(எண்கள் சொல்ல, மிஷின் வெட்டுகிற இந்த வித்தையை முதன்முதலில் 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து காட்டினார்கள். தாம்பரம் ரயிலில் போகிறவர்களுக்கு எம்.ஐ.டி. என்றால் குரோம்பேட்டைதான், 1949இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில்தான் அப்துல் கலாம் படித்தார். இரண்டும் வேறு வேறு என்று இன்டர்வியூவுக்கு முன் தெரிந்து வைத்திருங்கள்.)

ஐந்தே ஐந்து இன்புட். இதை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதிலேயே உங்கள் அனுபவம் தெரிந்துவிடும். எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் ஆளுக்கொரு ஹோம், எமர்ஜென்சிக்கு ஒன்று, டூல் உயரம் பார்க்கிற புரோபுக்கு ஒன்று. தீர்ந்தது. லிமிட் சுவிட்சுக்கு இடம் எங்கே? அந்தந்த அச்சின் ஹோம் சுவிட்சோடு சீரிஸில் கோத்துவிடலாம். எல்லாமே நார்மலி குளோஸ்டு ரகமாக இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

அந்த ரகத்தை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நார்மலி ஓப்பன் சுவிட்சின் ஒயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது. மிஷின் ஓரம் வரை போய் இடித்த பிறகுதான் தெரியும். நார்மலி குளோஸ்டு என்றால் ஒயர் அறுந்த நொடியே மிஷின் நின்றுவிடும். நம் புறநகரில் ஒயரை அறுப்பதற்குத் தனியாக ஆள் வேண்டாம், பெருச்சாளி போதும்.

வாங்கும்போது

பழைய டெஸ்க்டாப் தேடி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். பின்னால் பிரின்டர் போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறதா, பயாஸில் அதன் முகவரி 378 என்று காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். யு.எஸ்.பி.யிலிருந்து பிரின்டர் போர்ட்டாக மாற்றுகிற கேபிள் பிரின்டருக்குச் சரி. ஸ்டெப் பல்ஸ் அனுப்ப அது உதவாது. அதை வாங்கி வந்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மாக்-3 மென்பொருளின் பிரின்டர் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது, 32 பிட் வேண்டும். லினக்ஸ்சிஎன்சி பழகியிருந்தால் லைசென்ஸ் தொல்லையும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் எடுத்ததும் லேட்டன்சி டெஸ்ட்டை ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். புதிதாக ஆரம்பிக்கிற பட்டறை என்றால், யு.எஸ்.பி. அல்லது ஈதர்நெட் மோஷன் கார்டு வாங்கச் சொல்வதே என் கட்சி. வீட்டில் பழக ஜிஆர்பிஎல் ஏற்றிய அர்டுயினோ உனோ போதும். பாகங்கள் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

ஒயரிங்

ஸ்பிண்டில் கடைசி, மோட்டார் அதற்கு முன், இன்புட் அதற்கும் முன், எல்லாவற்றுக்கும் முதலில் எமர்ஜென்சி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் போர்டை எரிக்கிறார்கள்.

எமர்ஜென்சி காளான் பட்டனில் இரண்டு நார்மலி குளோஸ்டு கான்டாக்ட் போடுங்கள். ஒன்று கான்டாக்டர் காயிலோடு சேரட்டும். அழுத்தினால் டிரைவர்களுக்கும் ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வி.எஃப்.டி.க்கும் போகிற கரண்டே போய்விட வேண்டும். இன்னொன்று போர்டின் இன்புட்டுக்கு. மென்பொருளுக்கும் சேதி தெரிய வேண்டும் அல்லவா. மென்பொருளை மட்டும் நம்பினால் கம்ப்யூட்டர் உறைந்துபோன அன்று பட்டன் வெறும் சிவப்புப் பிளாஸ்டிக். ஒரு ஜாக்கிரதை: கரண்ட் போனதும் கனமான இசட் அச்சு தானாகக் கீழே இறங்கலாம். முதல் தடவை சோதிக்கும்போது அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், கையை வைக்காதீர்கள்.

அடுத்து இன்புட். ஹோம், லிமிட்டுக்குப் போடுகிற புராக்ஸிமிட்டி சென்சாரில் பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். என்.பி.என். சென்சார் சிக்னலை மைனஸுக்கு இழுக்கும், பி.என்.பி. பிளஸைத் தள்ளும். நம் கைக்கு வருகிற போர்டுகளில் பெரும்பாலும் என்.பி.என்.தான் பொருந்தும் என்றாலும், போர்டோடு வருகிற படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு சிவப்புப் போர்டுகளில் பின் வரிசை வேறாக இருக்கும். இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கிற ஆப்டோகப்ளர் உள்ள போர்டில் 5 வோல்ட் கிரவுண்டும் 24 வோல்ட் கிரவுண்டும் தனித்தனி. "எல்லாம் கிரவுண்டுதானே" என்று இரண்டையும் முறுக்கிவிட்டால், அந்த ஆப்டோவுக்குக் கொடுத்த காசு வீண்.

இந்தக் கட்டத்தில் மோட்டாருக்கு இன்னும் கரண்டே கொடுத்திருக்க மாட்டீர்கள். ஸ்க்ரூ டிரைவரின் உலோக முனையை ஒவ்வொரு சென்சார் முன்னாலும் காட்டுங்கள். சென்சாரின் வாலில் எல்.இ.டி. நிலை மாற வேண்டும், திரையில் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் அதே அச்சின் விளக்கு மாற வேண்டும். எக்ஸில் காட்டினால் ஒய் விளக்கு மாறுகிறதா? இப்போதே சரி செய்யுங்கள். எல்லாம் சரியாக வந்த பிறகும் ஒவ்வொரு ஒயரையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். லக் போட்டு கிரிம்ப் செய்யாமல் அப்படியே டெர்மினலில் முறுக்கி விட்ட ஒயர் அப்போது காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது மோட்டார், அதுவும் ஒன்றே ஒன்று. ஸ்டெப்பரின் நான்கு ஒயர்களில் ஜோடி எது என்று தெரியவில்லையா? ஏதாவது இரண்டைச் சேர்த்துப் பிடித்து ஷாஃப்டைக் கையால் திருகுங்கள். இறுகினால் அதுதான் ஒரு காயில். டிஎம்542 மாதிரி டிரைவரில் எனேபிள் ஒயரை மாட்டாமலே விடலாம், டிரைவர் ஓடும். பல்ஸ் பிளஸ், டைரக்ஷன் பிளஸ் இரண்டையும் 5 வோல்ட்டில் சேர்த்து மைனஸ் பக்கத்தில் சிக்னல் கொடுப்பது வழக்கம்.

டிரைவருக்குக் கரண்ட் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பட்டறையில் ஒய் மோட்டார் எதிர்த்திசையில் ஓடுகிறதே என்று ஆன் செய்தபடியே பிளக்கை உருவினேன். 'டப்' என்று சின்னச் சத்தம், கொஞ்சம் கருகல் வாடை. ஓனர் திட்டவில்லை. "என்னய்யா, ஊதுவத்தி ஏத்திட்டியா?" என்று மட்டும் கேட்டார். டிரைவருக்கு நான்தான் பணம் கொடுத்தேன்.

கணக்கு

200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ. ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ், 5ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 320. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகம் வேண்டும் என்றால் நொடிக்கு 50 மி.மீ., அதாவது 16,000 பல்ஸ். மாக்-3இன் வழக்கமான 25,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிட்டது. மைக்ரோஸ்டெப் கூடினால் வழவழப்பாக வெட்டும் என்று டிப் சுவிட்சை 32இல் வைக்கிறவர்களுக்கு இதே வேகத்துக்கு 64,000 பல்ஸ் வேண்டும். அந்த 25,000 ஹெர்ட்ஸில் பிரின்டர் போர்ட் அதைத் தராது. மிஷின் ஆமையாக ஊரும், பழி மோட்டார்மேல் விழும்.

100 மி.மீ. நகரச் சொல்லி ஸ்கேலில் அளந்தால் 98.5 வருகிறது என்று வையுங்கள். 320ஐ 100ஆல் பெருக்கி 98.5ஆல் வகுத்து, 324.87 என்று போட்டுவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. பெல்ட் மிஷினில் அதைச் செய்யலாம். பால் ஸ்க்ரூவில் இவ்வளவு வித்தியாசம் வரவே கூடாது. கப்ளிங் நழுவுகிறது, இல்லை ஸ்டெப் தொலைகிறது. கணக்கை மாற்றுவது வலியை மாத்திரையால் மறைக்கிற வேலை.

தொலைவதிலும் ஒரு ரகம் இருக்கிறது. காலையில் சரியாக வெட்டிய டிசைன் மாலைக்குள் ஒரு பக்கமாகவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். ஸ்டெப் பல்ஸின் ஆக்டிவ் லோ அமைப்பு தப்பாக இருந்தால், டைரக்ஷன் மாறுகிற சமயத்தில் பல்ஸ் மோதி ஸ்டெப் தவறும். ஜாலி வேலையில் திசை ஆயிரக்கணக்கில் மாறும். மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் செட்டிங்கில் அந்த ஒரு டிக்கை மாற்றிப் பாருங்கள்.

ஸ்பிண்டில்

2.2 கிலோவாட், 24,000 ஆர்.பி.எம். சீன ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் ஓடுவது. புதிய வி.எஃப்.டி. பெட்டியிலிருந்து எடுக்கும்போது 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்பில் வந்திருக்கலாம். பார்க்காமல் ஸ்டார்ட் கொடுத்தால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜும் போய் ஸ்பிண்டில் காயில் வெந்துவிடும். பேஸ் ஃப்ரீக்வன்சி, மேக்ஸிமம் ஃப்ரீக்வன்சி, ரேட்டட் கரண்ட் இம்மூன்றையும் ஸ்பிண்டிலின் பிளேட்டைப் பார்த்துப் போட்ட பிறகுதான் போர்டின் 0–10 வோல்ட்டை இணைக்க வேண்டும். ஆஃப் செய்ததும் வி.எஃப்.டி. மூடியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் வீட்டுக் கரண்ட் உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி.யாகக் கெபாசிட்டரில் உட்கார்ந்திருக்கும். சில நிமிடம் பொறுத்து, மீட்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

ஸ்பிண்டில் ஆன் ஆனதும் லிமிட் அடித்தது என்று மிஷின் நின்றால், சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள், அது நாய்ஸ். ஸ்பிண்டில் கேபிளையும் சென்சார் ஒயரையும் ஒரே டிராக் செயினில் ஒட்டிப் படுக்க வைத்திருப்பார்கள். பிரியுங்கள். சென்சாருக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். அந்த எர்த் உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்றும் பாருங்கள். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஓட்டை மட்டும் இருந்து ஒயர் இல்லாத பட்டறைகள் நிறைய. மென்பொருளில் டிபவுன்ஸ் எண்ணைக் கூட்டுவது கடைசி வழி.

பேனலை எந்த உயரத்தில் மாட்டுவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி இருந்தது என்று ஓனருக்கு ஞாபகப்படுத்துங்கள். மிஷினின் காலோடு ஒட்டி வைத்த பேனலை அவரே சுவருக்கு ஏற்றச் சொல்வார்.

வேலைக்குப் போகும்போது

தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தியிருக்கிறார்கள், சி.என்.சி., ஆட்டோமேஷன் சார்ந்த பிரிவுகள் அங்கே உண்டு. பக்கத்து ஐ.டி.ஐ.யில் என்ன பிரிவு நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். வேலை பார்த்துக்கொண்டே பி.எல்.சி. கற்றுக்கொள்ளுங்கள். பிரேக்அவுட் போர்டில் இன்புட் விளக்கைப் பார்த்துப் பழுது கண்டுபிடித்துப் பழகியவனுக்கு ஃபனுக்கின் டயக்னாஸ்டிக் பக்கம் புதிதாக இருக்காது. அதே 24 வோல்ட், அதே சென்சார், பேர்தான் வேறு. ஒரகடத்துக்குப் போகிற வழி இதுதான்.

இன்டர்வியூவில் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: "மிஷின் ஹோம் ஆகல, முதல்ல என்ன பார்ப்ப?" மோட்டார், டிரைவர் என்று ஆரம்பிக்கிறவன் அங்கேயே தோற்றான். "சென்சார் விளக்கு எரியுதான்னு பார்ப்பேன் சார், அப்புறம் ஸ்க்ரீன்ல அந்த இன்புட் மாறுதான்னு பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள்: நீங்கள் செய்த ஒவ்வொரு மிஷினுக்கும் பின் எண், ஒயர் நிறம், ஃபெரூல் நம்பர், எங்கே போகிறது என்று கையால் போட்ட அட்டவணை. அதை இரண்டு பக்கம் புரட்டியவர்கள் சர்டிபிகேட்டைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சொந்தமாக வேலை எடுத்தால் பாகங்களின் விலையை முன்பணமாக வாங்கிவிடுங்கள், கூலியைப் பிறகு பேசலாம். முடிந்ததும் அந்த அட்டவணையின் நகல் ஒன்றை பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மாக்-3 என்றால் செட்டிங் எல்லாம் புரொஃபைலின் எக்ஸ்.எம்.எல். கோப்பில்தான் இருக்கும்; லினக்ஸ்சிஎன்சி என்றால் ஐ.என்.ஐ., ஹால் கோப்புகளில். ஒரு காப்பி உங்களுக்கு, ஒரு காப்பி பென்டிரைவில் ஓனருக்கு. அவர் எமர்ஜென்சியை அழுத்திப் பார்த்து, டீ வந்த பிறகு, பென்டிரைவைக் கொடுத்து மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.